ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்து ஏன்?

தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் தறி ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்க சித்தப்பா பல வருஷமா எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரை போடுறார். டெஸ்ட்ல கிருமியே தெரியலைங்கிறாங்க. அப்புறமும் எதுக்கு தினமும்? அதுவும் ஒண்ணுக்குள்ள மூணு மருந்து?"

மூன்று மருந்துக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதி, நம் வெள்ளணுவின் டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொள்ளும் என்பது பள்ளியில் படித்ததுதான். எழுதித் தரும் நொதி ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். மாத்திரையிலுள்ள லாமிவுடின், டி.என்.ஏ.வின் 'சி' எழுத்தைப் போலவே இருக்கும். நொதி ஏமாந்து அதை எடுத்துக் கோக்கும். ஆனால் அது பின்பக்கம் கொக்கி இல்லாத ரயில் பெட்டி. அடுத்த எழுத்தை அதில் மாட்ட முடியாது. சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

அழகான தந்திரம். ஆனாலும் தனியாகக் கொடுத்தால் தோற்றுப்போகும். அந்த நொதி பிழை திருத்தாது. 9,700 எழுத்துகளை எழுதுவதில், ஏறக்குறைய மூன்று பிரதிக்கு ஒரு பிழை விழும். சிகிச்சை இல்லாத உடலில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் பிறக்கின்றன. நொதியின் 184-வது இடத்தை மாற்றும் ஒரே ஓர் எழுத்துப் பிழை போதும், லாமிவுடினிடமிருந்து தப்பிக்க. அந்தப் பிழை மருந்தைத் தொடும் முன்பே உடலில் எங்கோ பிறந்திருக்கும்.

இப்போது இன்னொரு போலி எழுத்தான டெனோஃபோவிரையும், செருகும் வேலையைத் தடுக்கும் டோலுடெகிராவிரையும் சேருங்கள். ஒவ்வொன்றிடமிருந்தும் தப்பும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், மூன்று பிழையும் ஒரே பிரதியில் சேர ஒன்றுக்குப் பின் 15 சுழியம் போட்ட எண்ணிக்கையில் பிரதிகள் வேண்டும். தினம் 1,000 கோடி பிறந்தாலும் லட்சம் நாள் ஆகும்! பரிணாமத்தையே எண்ணிக்கையால் மடக்கும் இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுக்கவில்லை.

கணக்கு 1996-லேயே தெரிந்துவிட்டது. நம் ஊருக்கு மருந்துதான் வரவில்லை. ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விலை. கிருமியோ அதற்குப் பத்தாண்டு முன்பே வந்துவிட்டது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளோடு காட்பாடிக்கு ரயிலேறினார். வேலூர் சி.எம்.சி. சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. சுனிதி 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கியபோது, சந்தர்ப்பம் பார்த்துத் தாக்கும் காசநோய் போன்றவற்றுக்கு மருந்தும் ஆறுதலுமே கொடுக்க முடிந்தது. 2001-ல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004-ல் அரசு இலவசமாகத் தரத் தொடங்கியது. உடனே மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96% குறைகிறது என்று 2011-ல் காட்டிய பன்னாட்டு ஆய்வில் சுனிதியின் மையமும் இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதைச் செலவுக் கணக்கில் எழுதுவது தவறு என்பேன்.

சரி, ஏன் தினமும்? செருகப்பட்ட வைரஸ் சில நினைவு வெள்ளணுக்களில் தூங்குகிறது. அங்கே பிரதி எடுப்பதே இல்லை, அதனால் மருந்துக்கு வேலையும் இல்லை. டெஸ்டிலும் அது தெரியாது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். "அடியோடு போக்குகிறோம்" என்று எல்லைக்கு இருபுறமும் லேகியம் விற்பவர்கள் மாத்திரையை நிறுத்தச் சொல்வது உயிரோடு விளையாடுவது.

சித்தப்பாவை விடாமல் போடச் சொல்லுங்கள். தறி வேலைக்காக ஊர் மாறினால், கிளம்பும் முன்பே ஏ.ஆர்.டி. சென்டரில் சொல்லி அடுத்த ஊர் மையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொள்ளலாம்.