தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் தேர்வு எழுதியவர்கள் அல்லர்

"நீங்கள் நேசிக்கப்பட்டவர்கள். நீங்கள் தேர்வு செய்யப்பட்டவர்கள்." சிங்கப்பூரில் தமிழ் ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு வரிகளும் பழகிப்போனவை. இளையர் கூடுகையில் திரையில் வரும், வாழ்த்து அட்டையில் வரும், ஆங்கிலப் பிரசங்கத்தை உடனுக்குடன் தமிழில் சொல்பவர் வாயிலும் வரும். சொல்ல வந்த செய்தி சுவிசேஷத்தின் உயிர்நாடி. ஆனால் 'தேர்வு' என்ற சொல் அந்தச் செய்தியையே கவிழ்த்துவிடுகிறது. பலமுறை கேட்டுப் பொறுத்தாயிற்று. இனி எழுதியே ஆகவேண்டும்.

வேரை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கடவுள் மனிதரைத் தமக்கென்று எடுத்துக்கொள்வதைச் சொல்லும் வினை, புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'எக்லெகொமாய்'. 'எக்' என்றால் ஒன்றிலிருந்து வெளியே, 'லெகோ' என்றால் இங்கே சேர்த்தெடுத்தல். தெரிந்துகொள்ளப்பட்டவன் 'எக்லெக்டோஸ்'. எபிரெயத்தில் 'பாஹார்'. லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'எலெக்ட்' என்ற சொல், அங்கே வாக்குப்பெட்டித் தேர்தலுக்கும் கடவுளின் செயலுக்கும் பொதுவாக நின்றுவிட்டது. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறவர் அகராதியைத் திறந்தவுடன் 'தேர்தல்', 'தேர்வு' என்று கண்ணில் படுவது அதனால்தான்.

தமிழ் வேதாகமத்தைத் திறந்திருந்தால் வேறு சொல் கிடைத்திருக்கும். 1871இல் போவர் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்பு, நாம் இன்று பழைய திருப்புதல் என்று கையில் வைத்திருப்பது, 'தெரிந்துகொள்' என்ற ஒரே சொல்லை, தனக்கென்று எடுத்துக்கொள் என்ற பொருளில், சீராகப் பிடித்துக்கொண்டு போகிறது. "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" என்கிறது யோவான் 15:16. 1 பேதுரு 2:9இல் "தெரிந்துகொள்ளப்பட்ட சந்ததி". எபேசியர் முதல் அதிகாரத்தில் உலகத்தோற்றத்துக்கு முன்னே நம்மைத் தெரிந்துகொண்டார்.

இளையருக்கு இது புரியாது என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதம். பள்ளியில் 'தெரிந்துகொள்' என்றால் அறிந்துகொள் என்று மட்டுமே படிக்கிறார்களாம். ஆகவே 'தேர்வு செய்' எளிதாம். எளிதா என்று பார்ப்போம். இந்த ஊர்ப் பிள்ளைக்குத் தேர்வு என்றால் என்ன? பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டில் எழுதும் தேசியத் தேர்வு. மதிப்பெண், தரம், எந்த உயர்நிலைப்பள்ளி என்ற கேள்வி. தேர்ச்சி என்றால் அதில் வெற்றி. பன்னிரண்டு வயதிலேயே அந்தச் சொல்லின் பாரத்தைச் சுமந்த பிள்ளையிடம் போய், கடவுள் உன்னைத் தேர்வு செய்தார் என்றால் அதன் காதில் என்ன விழும்? நான் ஏதோ ஒன்றில் தேறிவிட்டேன் என்று விழும். தேறாத பிள்ளைகளும் உண்டு என்று விழும். சொன்னவர் கிருபையைச் சொல்ல நினைத்தார். கேட்ட பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது தகுதிப் பட்டியல். இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

இது பள்ளிக்கூடம் ஏற்றிய புதுப் பொருளும் அன்று. 'தேர்' என்ற வினையின் பழம்பொருளே ஆராய்தல். பாண்டியன் அவையில் கண்ணகி "தேரா மன்னா" என்றது, ஆராயாமல் தீர்ப்பளித்தவனே என்ற பொருளில். தேக்கா சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, முற்றலைத் தள்ளி, பிஞ்சை எடுக்கிறோமே, அதற்குத் தேர்ந்தெடுத்தல் என்பது மிகச் சரியான சொல். பொருளின் தரம் எடுப்பவரின் கையை நடத்துகிறது.

'தெரி' வேறு. அறிதலும் தனக்கென்று எடுத்தலும் அதில் ஒன்றாக இருக்கின்றன. இரண்டு சொற்களும் ஒரே குறளில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: "தெரிந்த இனத்தொடு தேர்ந்தெண்ணிச் செய்வார்க்கு" (462). பரிமேலழகர் தெரிந்த இனத்துக்குத் தாம் தெரிந்துகொண்ட இனம் என்றும், தேர்தலுக்கு ஆராய்தல் என்றும் உரை சொல்கிறார். ஆள்களைத் தெரிந்துகொள்வது, வினையைத் தேர்வது. அரசன் ஆராய்ந்துதான் ஆள்களைத் தெரிந்துகொள்வான் என்று வள்ளுவர் வேறு இடத்தில் சொல்வார், உண்மைதான். ஆனால் 'தெரி'யின் பல பொருள்களில் ஆராய்தல் ஒன்று மட்டுமே. 'தேர்' என்பதில் அது வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

துணைவினையைக் கவனியுங்கள். தாவீது ஆற்றிலிருந்து ஐந்து கூழாங்கல்லுகளைத் 'தெரிந்தெடுத்தான்'. இயேசு சீஷரைத் 'தெரிந்துகொண்டார்'. 'எடு' கையின் வேலை. 'கொள்' என்பது தனக்காகச் செய்வது. எக்லெகொமாய் கிரேக்கத்தில் நடுவினை வடிவம், செய்தவனே தனக்கென்று செய்துகொண்டதைக் காட்டுவது. அந்த நுணுக்கத்தை ஆங்கிலத்தால் ஒரே வினையில் கொண்டுவர முடியவில்லை. தமிழ் 'கொள்' என்ற ஒரே துணைவினையால் கொண்டுவந்துவிட்டது. இப்படிப்பட்ட சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு 'செய்யப்பட்டவர்கள்' என்று எழுதுகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

அறிதல் என்ற பொருள் குழப்பம் தருகிறது என்பவர்கள் ஆமோஸ் 3:2ஐப் படிக்க வேண்டும். "பூமியின் எல்லா வம்சங்களுக்குள்ளும் உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன்." எபிரெயத்தில் அங்கே 'யாதா', அறிதல். மற்ற ஜனங்களைக் கடவுள் அறியாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அறிதல் என்பதே அங்கே தனக்கென்று கொள்ளுதல். நம் பேச்சிலும் "அவர் நமக்குத் தெரிஞ்சவர்" என்றால் பெயர் மட்டும் தெரிந்தவர் என்றா பொருள்? நம்பிப் போகக்கூடியவர், நம் மனிதர். ஆக, இளையருக்கு இந்தச் சொல் புரியாது என்பதை நான் ஒப்பமாட்டேன். இரண்டு நிமிடம் எடுத்து விளக்கினால் புரியும். 'தேர்வு' இரண்டு நிமிடத்தில் திருத்த முடியாத தவறைப் புகுத்தும்.

ஏசாயா 48:10ஐக் காட்டி மறுப்பவர் உண்டு: "உபத்திரவத்தின் குகையிலே உன்னைத் தெரிந்துகொண்டேன்". அதே பாஹார்தான், அங்கே சோதித்தல் என்ற பொருளும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. (அந்தக் குகை மலைக்குகை அன்று, பொன் வெள்ளி உருக்கும் தட்டானின் மூசை. அதையும் மலைக்குகை என்று விளக்கக் கேட்டிருக்கிறேன்.) ஆனால் அங்கே ஜனம் தேறியதால் சேர்த்துக்கொண்டதாக வசனம் சொல்லவில்லை. முன்னும் பின்னும் அவர்களுடைய பிடிவாதமும், தம் நாமத்தினிமித்தம் அவர் பொறுத்ததும்தான் பேசப்படுகின்றன. உபாகமம் 7 இன்னும் தெளிவு: திரட்சியான ஜனம் என்று தெரிந்துகொள்ளவில்லை, நீங்கள் எல்லாரிலும் கொஞ்சமாயிருந்தீர்கள், கர்த்தர் உங்களில் அன்புகூர்ந்தார். தகுதிக்கு இடமே வைக்காத வசனம்.

கத்தோலிக்கத் திருவிவிலியம் யோவான் 15:16இல் "தேர்ந்துகொண்டேன்" என்கிறது. என் வாக்கு 'தெரிந்துகொண்டேன்' பக்கம்தான். ஆனாலும் அதில் 'கொள்' காப்பாற்றப்பட்டிருக்கிறது, செய்தவர் யார் என்பதும் நிற்கிறது. அதனோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை, ஆங்கில வாசகத்தின் செயப்பாட்டுவினையை அப்படியே இறக்கும் பழக்கத்தோடு. 'நேசிக்கப்பட்டவர்கள்', 'தேர்வு செய்யப்பட்டவர்கள்': யாரால்? வரியில் கடவுளே இல்லை. "தேவனால் தெரிந்துகொள்ளப்பட்ட" என்று கொலோசெயர் 3:12 எழுதும்போது 'தேவனால்' முன்னே நிற்கிறது. "அவர் உங்கள்மேல் அன்புகூர்ந்தார், உங்களைத் தெரிந்துகொண்டார்" என்று செய்வினையில் எழுதினால் திரையில் இடம் போதாதா? 'அன்புகூர்' என்ற சொல்லையும் இதே கை ஓரம் தள்ளிவிட்டது. கூர்தல் என்றால் மிகுதல். யோவான் 3:16 சொல்லுவது பெருகிய அன்பை.

மொழிபெயர்ப்பவர்கள் பலரும் ஞாயிற்றுக்கிழமை காலையை ஊதியமின்றிக் கொடுப்பவர்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். அதனாலேயே கேட்கிறேன்: பிரசங்கத்தின் வசனம் முன்கூட்டியே கிடைக்கும்போது, ஆங்கில வரியிலிருந்து தமிழுக்குப் போகாமல் தமிழ் வேதாகமத்தை முதலில் எடுத்துப் பாருங்கள்.

பெயர்ச்சொல் வேண்டும் என்றால் ரோமர் 11:5இல் "தெரிந்துகொள்ளுதல்" இருக்கிறது, அதுவும் "கிருபையினாலே உண்டாகும்" என்ற அடையோடு. தலைப்புக்கு நீளம் என்றால் 'தெரிவு' போதும். யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் புழங்குகிற சொல், அங்கிருந்து வந்து இந்த ஊர்ச் சபைகளில் சேர்ந்த குடும்பங்களுக்குப் புதிதன்று. 'தேவனின் தெரிவு' என்று எழுதுங்கள். 'தேர்வு' பள்ளிக்கூடத்தோடு இருக்கட்டும்.