'எக்ஸ்ட்ரடிஷன்' என்பது நாடு கடத்தலா?

குற்றம் செய்துவிட்டு வெளிநாட்டுக்கு ஓடிப்போனவரைப் பற்றிச் செய்தி வந்தால், "நாடு கடத்த நீதிமன்றம் உத்தரவு" என்று தலைப்புப் போடுவது நம் பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. ஆங்கிலத்தில் எக்ஸ்ட்ரடிஷன் என்று இருந்தாலும் நாடு கடத்தல், டிபோர்ட்டேஷன் என்று இருந்தாலும் நாடு கடத்தல். இரண்டும் வேறு வேறு காரியங்கள். முன்னது, வழக்கையோ தண்டனையையோ எதிர்கொள்ள ஒருவரை அவரைக் கேட்கிற நாட்டிடம் கொடுப்பது. பின்னது, ஒருவரை நாட்டைவிட்டு வெளியேற்றுவது. ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால், செய்தியைப் படிக்கிறவருக்கு அந்த ஆளுக்கு என்ன நடக்கப்போகிறது என்பதே புரியாமல் போகிறது.

நாடு கடத்தல் என்ற சொல்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஒருவரை நாட்டைவிட்டு வெளியேற்றுவது என்று அதற்குத் தெளிவான பொருள் இருக்கிறது. 1815-ல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அதன் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்களே, அது நாடு கடத்தல். வேலூரில் அவர்மீது வழக்கு எதுவும் இல்லை, அவரை அனுப்பச் சொல்லி இங்கிருந்து யாரும் கேட்கவும் இல்லை. கண்டியில் அவர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1832-ல் இங்கேயே இறந்துபோனார். விசா முடிந்தும் தங்கிவிட்டவரை இன்று விமானம் ஏற்றி அனுப்புவதும் இதே வகைதான்.

சரி, எக்ஸ்ட்ரடிஷன் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே. 'டிராடிஷியோ' என்றால் கையில் கொடுப்பது. இரண்டையும் சேர்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் உண்டாக்கிய சொல், 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. மரபைக் குறிக்கும் டிரடிஷனுக்கும் இதே வேர்தான். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையின் கையில் கொடுப்பதுதானே மரபு! சொல்தான் புதிது, வழக்கம் மிகப் பழையது. எகிப்தின் அரசர் இரண்டாம் ராம்சேசும், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் அரசரும் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே, தப்பி ஓடி வந்தவர்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது.

ஆக, எக்ஸ்ட்ரடிஷனில் கொடுக்கிற கை ஒன்று, வாங்குகிற கை ஒன்று. கேட்கிற நாடு முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும், கொடுக்கிற நாட்டின் நீதிமன்றம் அதைப் பரிசீலிக்க வேண்டும், அதற்குப் பிறகு அரசு முடிவெடுக்க வேண்டும். இந்தியாவில் இதற்கென்றே 1962-ல் ஒரு சட்டம் வந்தது.

வித்தியாசத்தை எனக்கு நன்றாகப் புரியவைத்தது பினோசெட் வழக்கு. 1998 அக்டோபர் 16. சிலியின் முன்னாள் சர்வாதிகாரி அகஸ்டோ பினோசெட், முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு லண்டன் மருத்துவமனை ஒன்றில் படுத்திருக்கிறார். இரவில் போலீசார் வந்து படுக்கையிலேயே கைது செய்கிறார்கள். பிடியாணை பிறப்பித்தவர் ஸ்பெயின் நீதிபதி பல்தசார் கார்சோன். பிரிட்டன் அவரை நாடு கடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பினோசெட் விமானம் ஏறி நேராக வீட்டுக்குப் போயிருப்பார். அவருடைய வக்கீல்கள் கேட்டதும் அதைத்தான், அவரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று. ஸ்பெயின் கேட்டதோ அவரைத் தன் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும்படி.

1999 மார்ச் 24-ல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், சித்திரவதைக் குற்றத்துக்கு முன்னாள் அதிபர் என்ற பாதுகாப்பு செல்லாது என்றார்கள். ஆனால் 1988-க்கு முந்தைய குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை அந்தத் தீர்ப்பிலேயே கழிந்துபோயின. கேட்கிற நாடு, கொடுக்கிற நாடு இரண்டின் சட்டத்திலும் அந்தச் செயல் குற்றமாக இருந்தாக வேண்டும் என்பது எக்ஸ்ட்ரடிஷனின் அடிப்படை விதி. இரட்டைக் குற்றத்தன்மை என்று இதைச் சொல்லலாம். வெளிநாட்டில் நடந்த சித்திரவதையைப் பிரிட்டன் தன் சட்டத்தில் குற்றமாக்கியதே 1988-ல்தான். கடைசியில் 2000 மார்ச்சில், விசாரணையைத் தாங்கும் உடல்நிலை இல்லை என்று சொல்லி அவரைச் சிலிக்கே அனுப்பிவிட்டார்கள். பினோசெட் ஆட்சியில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் அன்று எதை இழந்தன என்பதை 'நாடு கடத்தல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு விளக்கவே முடியாது.

நம் ஊர் உதாரணம் மும்பை நிழலுலக தாதா அபு சலேம். 2005-ல் போர்ச்சுகல் அவரை இந்தியாவிடம் கொடுத்தது. மரண தண்டனை கிடையாது, 25 ஆண்டுக்கு மேல் சிறை கிடையாது என்று இந்தியா எழுதிக் கொடுத்த பிறகுதான் கொடுத்தது. 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் 2017-ல் ஆயுள் தண்டனை விழுந்தது. ஆனாலும் கொடுத்த வாக்கை மீற முடியாது, 25 ஆண்டு முடிந்ததும் விடுவித்தாக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓர் ஆளைக் கொடுத்த பிறகும், கொடுத்த கை முழுதாக விலகிவிடுவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998-ஆம் ஆண்டின் ரோம் சாசனம், மக்களை வலுக்கட்டாயமாக நாடு கடத்துவதை மானுடத்துக்கு எதிரான குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. 2017 ஆகஸ்டு முதல் 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் மியான்மரிலிருந்து விரட்டப்பட்டார்கள். மியான்மர் அந்த நீதிமன்றத்தில் உறுப்பு நாடு இல்லை, வங்கதேசம் உறுப்பு நாடு. எல்லையைத் தாண்டி வங்கதேச மண்ணில் கால் வைக்கும்போதுதான் இந்தக் குற்றம் முழுமை பெறுகிறது, ஆகவே விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்று 2018 செப்டம்பரில் நீதிபதிகள் சொன்னார்கள். அங்கே நாடு கடத்தல் என்பது குற்றத்தின் பெயர். அந்தக் குற்றத்தைச் செய்தவரைப் பிடித்து இன்னொரு நாட்டின் நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்கும் நாம் அதே பெயரை வைத்தால், "நாடு கடத்தியவரை நாடு கடத்தினார்கள்" என்றல்லவா எழுத வேண்டியிருக்கும்?

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் ஒப்படைப்பு. வேலை மாறிப் போகிறவர் பொறுப்பை ஒப்படைக்கிறார், வீட்டைக் காலி செய்கிறவர் சாவியை ஒப்படைக்கிறார். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் சாவியை வாசலில் வைத்துவிட்டுப் போனால் அதை ஒப்படைப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'குற்றவாளிகள் ஒப்படைப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். ஒப்படைக்கப்படுபவர்களில் பலர் இன்னும் விசாரிக்கப்படாதவர்கள் என்பதால் குற்றவாளி என்ற முன்னொட்டு நியாயமில்லை. 'கைதிகள் பரிமாற்றம்' என்பதும் பொருந்தாது. தண்டனை பெற்றவர் மீதிக் காலத்தைச் சொந்த நாட்டுச் சிறையில் கழிக்க அனுப்பப்படுவது வேறு ஏற்பாடு, அதற்கு இந்தியாவில் 2003-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

அப்புறம், ரோம் சாசனத்தின் 102-ஆவது பிரிவு இன்னொரு வேறுபாடும் காட்டுகிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் கொடுத்தால் எக்ஸ்ட்ரடிஷன். அந்தச் சர்வதேச நீதிமன்றத்திடம் கொடுத்தால் சரண்டர். இந்த இரண்டாவதைச் சரண் என்று மொழிபெயர்த்தால், ஆள் தானாகவே போய் நின்றதுபோல் ஆகிவிடும். இலங்கைத் தமிழில் அன்றாடம் புழங்கும் கையளிப்பு இந்த இடத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. 2025 மார்ச்சில் பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் ரொட்ரிகோ டுடெர்ட்டே மணிலாவில் கைதாகி, அந்தச் சர்வதேச நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் நகருக்கு அனுப்பப்பட்டாரே, அது கையளிப்பு.

தலைப்பு எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியத்தை மாற்றிப் பார்க்கலாம். "அவரை நாடு கடத்த லண்டன் நீதிமன்றம் உத்தரவு" என்பதில் யாரிடம் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. "அவரை ஒப்படைக்க லண்டன் நீதிமன்றம் உத்தரவு" என்று எழுதுங்கள், "யாரிடம்?" என்று வாசகர் உடனே கேட்பார். "இந்தியாவிடம்" என்று சேர்க்காமல் அந்தத் தலைப்பை அச்சுக்கு அனுப்ப மனசு வராது.