எடை இறங்காமல் நின்றால் தட்டை இன்னும் காலியாக்காதீர்கள்

மலேசியாவின் பினாங்கில் உணவியல் ஆலோசகராக இருப்பதால் இந்தப் பேச்சு என் காதில் விழாத வாரமே இல்லை. "மிஸ், ராத்திரி சோத்தை விட்டு ரொம்ப நாளாச்சு, தினமும் யூத் பார்க்ல நடக்கிறேன், முதல்ல ஏழெட்டு கிலோ மடமடன்னு இறங்குச்சு, இப்ப ரெண்டு மாசமா முள் அசையவே இல்ல." சொல்பவருக்குப் பெரும்பாலும் நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், பெண்கள்தான் அதிகம். அவர் அடுத்துக் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். காலைப் பசியாறலையும் விட்டுவிடலாமா, நடையை இரண்டு மணி நேரமாக்கிவிடலாமா?

இரண்டும் வேண்டாம். எடை நின்ற இடத்தில் சாப்பாட்டை மேலும் வெட்டி நடையை மட்டும் கூட்டினால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், நடுவயதில் அப்படிப் போன தசையைத் திரும்பப் பிடிப்பது லேசில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எடை நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பாருங்கள். உடம்பு சேமித்து வைக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்த முதல் இரண்டு வாரங்களில் மடமடவென்று இறங்கியதில் நல்ல பங்கு அந்தத் தண்ணீர்தான், அதனால் அந்த வேகத்தை வைத்து இன்றைய வேகத்தை அளக்கக் கூடாது. முதல் நாள் இரவு உப்பும் குழம்புமாக நாசி கண்டார் (பல குழம்புகள் ஊற்றிய சோறு) சாப்பிட்டால் மறுநாள் காலையில் ஒரு கிலோ கூடிக் காட்டும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் காட்டும். நான்கு வாரங்களுக்குச் சராசரி எடையும் இடுப்புச் சுற்றளவும் இரண்டுமே அசையவில்லை என்றால்தான் அதை நின்றுவிட்டதாக நான் எடுத்துக்கொள்வேன். தராசு நின்று, இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் கொழுப்பு போய்க்கொண்டுதான் இருக்கிறது. நம் ஆட்களுக்குத் தராசைவிட டேப்தான் முக்கியம். ஒரே உயரம், ஒரே எடையுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் தெற்காசிய உடம்பில் தசை குறைவு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம். ஆசியர்களில் இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் ஆபத்து கூடுகிறது என்பது கணக்கு.

சரி, நிஜமாகவே நின்றுவிட்டது. ஏன்?

எண்பது கிலோ உடம்பு எழுபத்திரண்டு ஆகிவிட்டால், அதைச் சுமந்து நடக்க, படியேற, சும்மா உட்கார்ந்திருக்கக்கூட முன்பைவிடக் குறைந்த சக்தி போதும். ஒரு கிலோ இறங்கினால் நாளொன்றுக்கு உடம்பு செலவழிப்பது 20 முதல் 30 கலோரி வரை குறையும் என்று அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு கணக்கிட்டிருக்கிறது. அதாவது எட்டு கிலோவுக்கு 200 கலோரி அளவில். அதே குழுவின் இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது: ஒவ்வொரு கிலோ இறங்கும்போதும் பசி நாளுக்கு ஏறக்குறைய 100 கலோரி அளவு கூடுகிறது. செலவு குறைவதைவிடப் பசி கூடுவது மூன்று நான்கு மடங்கு! மன உறுதி போய்விட்டது என்று என் அறையில் கண் கலங்குகிறவர்களிடம் இதை நான் எழுதியே காட்டுவேன், ஏனென்றால் மூன்றாவது மாதத்தில் சாப்பாட்டு நினைப்பு துரத்துவது அவர்களுடைய குணக்கேடு இல்லை, இளைத்த உடம்பு பழைய எடைக்குத் திரும்பச் சொல்லிக் கேட்கிறது. ஒரு கிலோ கொழுப்பு 7,700 கலோரி, தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. தொடக்கத்தில் ஓரளவு சரிதான், ஆனால் உடம்பு சிறுக்கச் சிறுக்க அந்த 500 தானாகவே 300 ஆகும், 200 ஆகும், ஒரு நாள் ஒன்றுமே இல்லாமல் போகும். நீங்கள் எதையும் மாற்றியிருக்க மாட்டீர்கள்.

"வயசாச்சு, மெட்டபாலிசம் (உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம்) செத்துப்போச்சு" என்று சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2021இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளை வைத்து. உடம்பின் அளவையும் தசையின் அளவையும் கழித்துவிட்டுப் பார்த்தால், இருபது வயதிலிருந்து அறுபது வரை சக்திச் செலவு ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறது. அப்படியானால் நாற்பதுக்கு மேல் மாறுவது எது? முப்பதுக்குப் பிறகு, பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது. உட்காரும் நேரம் கூடுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, தொடையிலும் பிட்டத்திலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது, இரவில் வேர்த்து எழுந்து தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கும் அக்காமார்களுக்கு இது இரண்டு மடங்கு. வயதை நம்மால் திருப்ப முடியாது, ஆனால் மற்ற ஒவ்வொன்றிலும் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். 1992இல் நியூயார்க்கில் நடந்த ஒரு சின்ன ஆய்வில், 1,200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களை நுட்பமான முறையில் அளந்து பார்த்தார்கள். அவர்கள் சொன்ன அளவு, சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு, செய்ததாகச் சொன்ன உடற்பயிற்சியோ 51 சதவீதம் அதிகம், மெட்டபாலிசத்தில் ஒரு கோளாறும் இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. மனிதர்களுக்குச் சாப்பாட்டின் அளவு ஞாபகத்தில் நிற்பதில்லை, அவ்வளவுதான். நம் ஊரிலோ கலோரி ஒளிந்துகொள்ள இடம் ஏராளம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, அதே கரண்டி கெட்டிப்பால் 60க்கு மேல். காலையில் ஒன்று, வேலையிடத்தில் ஒன்று, சாயங்காலம் மாமாக் கடையில் ஒன்று என்று மூன்று தே தாரிக் (கெட்டிப்பால் கலந்த தேநீர்) குடிப்பவர் அதைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டார். நாசி கண்டாரில் சோற்றைப் பாதியாகக் கேட்டுவிட்டு எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்வார்கள், தேங்காய்ப்பாலும் எண்ணெயும் அந்தக் குழம்பில்தான் இருக்கின்றன. அப்புறம் வாரக் கடைசி. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 300 கலோரி மிச்சம் பிடித்தால் 1,500. சனிக்கிழமை ஒரு கல்யாண விருந்து, ஞாயிறு காலை பேரப்பிள்ளைகளோடு ரொட்டி சானாய் (எண்ணெயில் சுட்ட பரோட்டா), மத்தியானம் அம்மா வீட்டில் ஆட்டுக்கறி, அந்த 1,500 போயே போய்விடும். கல்யாணத்துக்குப் போகாதீர்கள் என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் சனி ஞாயிறையும் சேர்த்து ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், தண்ணீர் தவிர வாய்க்குள் போகும் எல்லாவற்றையும். பாதிப் பேருக்கு நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். தே தாரிக்கைத் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர், ஆக்கியதும் நின்ற எடை நகர்ந்தவர்களும் உண்டு.

நடைக்கு வருகிறேன். எழுபது கிலோ உள்ளவர் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் 200 கலோரியை ஒட்டிச் செலவாகும். ஒரு ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு இல்லாமலேயே, ஏறக்குறைய 300. அதோடு, காலையில் கடுமையாக நடந்தவர் மத்தியானம் முழுக்கச் சோபாவில் சாய்ந்துவிடுவதும், "இன்னிக்குத்தான் நடந்தோமே" என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்வதும் தெரியாமலே நடக்கும். நடையை விட்டுவிடச் சொல்லவில்லை. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிட நடை ரத்தச் சர்க்கரையை இறக்கும், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடப்பது இதயத்துக்கு நல்லது, இறக்கிய எடை திரும்ப ஏறாமல் தடுப்பதில் அதன் பங்கு பெரியது. ஆனால் நின்றுபோன எடையை அசைக்க நடையை மட்டும் இரட்டிப்பாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த நேரத்தில் பாதியைத் தசைக்குக் கொடுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம் அம்மாக்களிடமும் அண்ணன்களிடமும் இதைச் சொன்னால் உடனே ஜிம், ஆணழகன் போட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலேயே தொடங்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி மெதுவாக உட்காருங்கள், பத்து முறை. சற்று ஓய்வெடுத்து இன்னும் இரண்டு சுற்று. சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள், பழகியதும் சமையலறை மேடையில், அதுவும் பழகினால் தரையில். ஐந்து கிலோ அரிசிப் பையை இடுப்பிலிருந்து குனிந்து, முதுகு வளையாமல் தூக்கி வையுங்கள். முக்கியம் என்னவென்றால் கடைசி இரண்டு மூன்று முறை கஷ்டமாக இருக்க வேண்டும், சுலபமாகிவிட்டால் எடையையோ எண்ணிக்கையையோ கூட்ட வேண்டும். அதைக் கூட்டாமல் ஆறு மாதம் ஒரே தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டிருந்தால் தசைக்கு ஒரு வேலையும் இல்லை. தண்ணீர்மலைக் கோவிலின் 513 படிகளையும் வாரம் ஒரு முறை ஏறுகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள், காலுக்கு அருமையான பயிற்சி அது, ஆனால் முட்டி வலி உள்ளவர்கள் இறங்கும்போது கவனம், இறக்கத்தில்தான் முட்டிக்கு அதிகச் சுமை. மேல் உடம்புக்கு வேறு ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

தசைக்கு வேலை கொடுத்தால் தீனியும் கொடுக்க வேண்டும், நம் தட்டில் குறைவது அதுதான். இளைக்கிற காலத்தில் ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும், எழுபது கிலோவுக்கு 84 கிராம். காலையில் இரண்டு தோசை, மத்தியானம் சோறும் சாம்பாரும் ஒரு துண்டு மீனும், ராத்திரி "டயட்" என்று இரண்டு துண்டு பப்பாளி என்றால் 40 கிராம் தேறினாலே பெரிது. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் தெம்பேயில் (புளிக்கவைத்த சோயா) ஏறக்குறைய 19, அதே அளவு சமைத்த கோழி நெஞ்சுக்கறியில் 30 வரை. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்பார்கள், தண்ணீராக ஒரு கரண்டியில் எவ்வளவு பருப்பு இருக்கும்? கெட்டியான பருப்பாக ஒரு கிண்ணம் வேண்டும். தைப்பூச விரதம், புரட்டாசி என்று சைவத்துக்கு மாறும் வாரங்களில் சோறு, உருளைக்கிழங்கு, பொரித்த அப்பளம் என்று தட்டு மாவாகிவிடுகிறது. அந்த நாட்களில் தவுக்குவா (கெட்டியான சோயாக் கட்டி), தெம்பே, சுண்டல், தயிர் இவற்றில் ஏதாவது இரண்டு ஒவ்வொரு நாளும் தட்டில் இருக்கட்டும். அதனால்தான் பசியாறலை விட வேண்டாம் என்கிறேன்: ஒரு வேளையை வெட்டினால் பெரும்பாலும் அன்றைய புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

ஆறேழு மாதமாகத் தொடர்ந்து குறைத்துச் சாப்பிட்டு, எழுதியும் பார்த்து, ஒளிந்திருந்ததையும் எடுத்தாயிற்று, இன்னும் நிற்கிறது என்றால் நான் சில வாரங்களுக்குக் குறைப்பதை நிறுத்தச் சொல்வேன். எடை ஏறாமல், இறங்காமல் இருக்கும் அளவுக்குச் சாப்பிட்டு, பயிற்சியைத் தொடர்ந்து, தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். எட்டு கிலோ இறக்கி அங்கேயே நிற்பது வெற்றிதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி மாறும்.

மனம் சோர்ந்த இந்தக் கட்டத்தில்தான் ஸ்லிம்மிங் காப்பி விற்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் வருவார்கள். இதய ஆபத்து காரணமாக 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து இப்படிப்பட்ட பொருட்களில் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. தயவுசெய்து தொடாதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் எடைக்குறைப்பு ஊசி வேறு விஷயம், ஆனால் அதிலும் ஒரு கட்டத்தில் எடை நிற்கும், அங்கேயும் புரதமும் தசைப் பயிற்சியும் தேவை.

சிலருக்குக் காரணம் தட்டிலேயே இருக்காது. தைராய்டு குறைவு, குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கக் கோளாறு, இன்சுலின், கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரை, ஸ்டீராய்டு, மனநோய்க்கான சில மருந்துகள் இவையெல்லாம் எடையைப் பிடித்து வைக்கும் அல்லது ஏற்றும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலினோ கிளிக்லசைடோ எடுக்கிறவர்கள் வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழலாம், உணவைக் குறைப்பதற்கு முன் மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் சிகிச்சை எடுப்பவர்கள் உணவியல் அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவரிடமே கேட்கலாம். போகும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பு, மருந்து அட்டைகள், நாட்டு மருந்து எடுத்தால் அதன் பாக்கெட், இடுப்பு அளவு எல்லாவற்றையும் கொண்டு போங்கள், சமையல் செய்கிறவர் நீங்கள் இல்லை என்றால் அவரையும் கூட்டிப் போங்கள்.