குட்டநாட்டு வயலுக்கு ஐ.நா. அங்கீகாரம்: என்ன உண்டு, என்ன இல்லை

கேரளத்தின் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. இந்த விவசாயத்தை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2013-இல் 'உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரிய அமைப்பு' என்று அங்கீகரித்தது. காஷ்மீர் குங்குமப்பூ, ஒடிசாவின் கோராபுட் பகுதிப் பாரம்பரிய விவசாயம் இரண்டும் இதே பட்டியலில் உள்ளவை.

இந்த அங்கீகாரத் திட்டம் 2002-இல் தொடங்கியது. விண்ணப்பம் அந்தந்த நாட்டு அரசின் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளூர் மக்களின் சம்மதமும், இனி எப்படிக் காப்போம் என்ற செயல்திட்டமும் கூடவே இருக்க வேண்டும். அப்புறம் நிபுணர் குழு பரிசீலிக்கும். உணவும் பிழைப்பும், பயிர் வகைகள், உள்ளூர் அறிவு, சமூகக் கட்டமைப்பு, நில அமைப்பு என ஐந்தையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

வயலைப் பார்க்க வந்தவர்கள் சமூகத்தை ஏன் பார்க்கிறார்கள்? குட்டநாட்டில் வயல்கள் 'பாடசேகரம்' என்ற தொகுப்புகளாக இருக்கின்றன. சுற்றிலும் ஒரே வெளிவரம்பு. அது உடைந்தால் எல்லார் பயிரும் மூழ்கும். அதனால் நீரை இறைப்பது, விதைப்பது எல்லாமே கூட்டாக எடுக்கும் முடிவுதான். அங்கே முக்கியப் போகம் 'புஞ்சை'. நமக்குப் புஞ்சை என்றால் மேட்டு நிலம். அவர்களுக்கோ தண்ணீரை இறைத்துவிட்டு விதைக்கும் நெல்!

சரி, அங்கீகாரம் கிடைத்தால் பணம் வருமா? வராது. விவசாயியின் கணக்கில் விழும் மானியம் எதுவும் இதில் இல்லை, நிலத்துக்குச் சட்டக் காப்பும் இல்லை. வயலை மூடி வீடு கட்டுவதைத் தடுப்பது கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம். நெல்வயலை வேறு பயன்பாட்டுக்கு மாற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் தருவதாக 2020-இல் தொடங்கியதும் மாநில அரசுதான். ஐ.நா. பட்டியலை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் பார்வையில், செயல்திட்டத்துக்கு உண்மையான சோதனை வேம்பநாட்டு ஏரியின் குறுக்கே உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணையில்தான் இருக்கிறது. கோடையில் உவர்நீர் ஏறாமலிருக்க ஷட்டரை மூட வேண்டும் என்கிறார் நெல் விவசாயி. மூடினால் கடலிலிருந்து மீனும் இறாலும் ஏறாது, திறந்துவிடுங்கள் என்கிறார் மீனவர். உவர்நீர் வந்து போனால்தான் ஆகாயத்தாமரைக் களையும் சாகும். அந்த ஷட்டரை எந்தத் தேதியில் மூடுவது, எப்போது திறப்பது என்பதில் இரு தரப்பும் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.