ஓரத்தை நறுக்காதீர்கள்

நியூ ஜெர்சியில் பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் பிழைப்பு. போன மாதம் ஒருவர் 1950களில் ஒரு நாளிதழுக்காக வரைந்த பேஸ்பால் கார்ட்டூனின் அசலைக் கொண்டுவந்தார். சட்டத்துக்குள் பளிச்சென்று இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சட்டம் போட்டவர் ஓரங்களை நறுக்கி, பென்சில் கோடுகளை அழித்து, படத்தைச் சூட்டுப் பசையால் அட்டையோடு ஒட்டியிருந்தார்.

அவர் அழுக்கு என்று நினைத்ததுதான் அசலுக்கு அத்தாட்சி. பத்திரிகைக்கு வரைந்த படம் அச்சில் வருவதைவிடப் பெரிதாக இருக்கும். எந்த அளவுக்குச் சுருக்குவது என்ற குறிப்பும் தேதி முத்திரையும் பெரும்பாலும் ஓரத்தில்தான் கிடக்கும். வெளிர்நீலப் பென்சில் அச்சகக் கேமராவின் கண்ணில் படாது; அதனால் ஓவியர்கள் அதை அழிக்க மெனக்கெடவில்லை. பிழையை மறைத்த வெள்ளை மைத் திட்டுகூட ஒரு சாட்சிதான்.

லென்ஸில் பார்ப்பவர்கள் ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். புள்ளிகள் தெரிந்தால் அச்சுப்பிரதி என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் சொரசொரப்பான தாளில் கொழுப்புக் க்ரேயானைத் தேய்த்தால் மேடுகளில் மட்டும் கருப்பு ஒட்டி, புள்ளிபுள்ளியாகத்தான் விழும். அச்சுப் புள்ளிகள் வரிசை பிசகாது. க்ரேயான் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறியிருக்கும். விரல் மட்டும் வைக்காதீர்கள், இத்தனை வருடம் கழித்தும் ஈஷிக்கொள்ளும்.

க்ராஃப்டின்ட் என்றொரு வரைபட அட்டை இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடுகள் அதில் முன்பே பதிந்திருக்கும். ரசாயனம் தோய்த்த தூரிகை பட்டால் நிழலாக எழும்பும். நாளாக ஆக அந்த நிழல் பழுப்பாகி மங்கும். அதை வெளுத்துக் கொடுக்கச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியைக் கார்ட்டூனில் கந்தல் உடுத்திய பரதேசியாக்கியவர் வேர்ல்ட்-டெலிகிராம் நாளிதழின் ஓவியர் வில்லர்ட் முலின். ஆனால் 1955-ல் அந்த அணி முதன்முறையாக வேர்ல்ட் சீரிஸ் என்ற பேஸ்பால் சாம்பியன் பட்டத்தை வென்ற மறுநாள், டெய்லி நியூஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் வாய்கொள்ளாமல் சிரித்த பரதேசியை வரைந்தவர் லியோ ஓமீலியா. ஆகவே பரதேசியைக் கண்டதும் முலின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள், கையெழுத்தைப் பாருங்கள்.

வந்தவரின் படத்தை அட்டையிலிருந்து மெல்ல மெல்லப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நறுக்கிய ஓரங்கள் இருக்கின்றனவா என்று கடையில் கேட்டுவரச் சொன்னேன். அன்றே குப்பைக்குப் போய்விட்டதாம்.