ஏலம் கேட்க ஆளில்லாத பதில்

மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள பெரும்போக வயலொன்றில் பயிர் வட்டம் வட்டமாகப் பழுத்துக் காய்ந்தால், அது அறக்கொட்டியானின் வேலை என்று கமக்காரருக்குத் தெரிந்துவிடும். பயிரை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைப் பார்த்தால், கபில நிறத்தில் சிறு பூச்சிகள் அப்பிக்கொண்டிருக்கும். அடுத்து என்ன செய்வது என்று கேட்பதற்கு முன்பெல்லாம் இரண்டு இடங்கள்தான் இருந்தன: விவசாயப் போதனாசிரியர், மருந்துக் கடை. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அவருடைய எந்த யோசனையும் கடைசியில் ஒரு போத்தலில்தான் போய் நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டே கேட்போம். இப்போது மூன்றாவதாகக் கைபேசியில், கேட்ட கேள்விக்குப் பதில் எழுதித் தரும் சாட்போட் வந்திருக்கிறது. அது பேசுவது போதனாசிரியரைப் போல இருக்கிறது. அதற்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து, அது கடைக்காரராகவும் இருக்கலாம்.

இந்தச் சந்தேகம் புதியதன்று. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சேர்ஜி பிரினும் லாரி பேஜும் 1998 இல் கூகிளின் அமைப்பை விளக்கி எழுதிய கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பரப் பணத்தில் ஓடும் தேடற்பொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், தேடுபவரின் தேவையிலிருந்து விலகும் என்று தாங்களே குறிப்பிட்டிருந்தார்கள். அதே ஆண்டில் பில் குரோஸ் தொடங்கிய கோட்டூ நிறுவனம், தேடல் முடிவில் மேலிடத்தைச் சொடுக்குக்கு இவ்வளவு என்று ஏலம் விட்டது. 2000 இல் கூகிளும் விளம்பரத்துக்கு வந்தது. 2023 இல் அதன் தாய் நிறுவனமான அல்ஃபபெட்டுக்கு வந்த ஏறத்தாழ 307 பில்லியன் டொலர் வருமானத்தில் முக்காற்பங்குக்கும் மேல் விளம்பரப் பணம்.

அந்த ஏலம் ஒவ்வொரு தேடலின்போதும், நாம் கண்ணிமைக்கும் முன்னர், நடந்து முடிகிறது. அதிகம் கேட்டவருக்கே இடம் என்பதில்லை. ஒரு சொடுக்குக்கு ஒருவர் 40 ரூபா கேட்கிறார், ஆனால் அவருடைய விளம்பரத்தை நூறு பேரில் இருவர்தான் சொடுக்குவர் என்று கணிக்கப்படுகிறது. இன்னொருவர் 25 ரூபாதான் கேட்கிறார், அவருடையதை ஐவர் சொடுக்குவர் என்று வைத்துக்கொள்வோம். கேட்ட விலையைச் சொடுக்குபவர் தொகையால் பெருக்கினால் முதலாமவரின் பெறுமதி 80, இரண்டாமவரின் பெறுமதி 125, மேலிடம் இரண்டாமவருக்கு. அவர் 25 ரூபா முழுவதையும் கட்டவேண்டியதில்லை. மற்றவரின் 80 ஐத் தாண்டப் போதுமான தொகை, அதாவது 80 ஐ ஐந்தால் பிரித்து வரும் 16 ரூபாவுக்குச் சற்று மேல், கட்டினால் போதும். கணிப்புகளில் வேறு பல காரணிகளும் சேரும், ஆனால் எலும்புக்கூடு இதுதான்.

இதில் தேடுபவருக்கு இருந்த ஒரே காவல், விளம்பரத்துக்கென்று தனி இடம் இருந்தமைதான். 2002 இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, காசு கொடுத்துப் பெற்ற இடத்தைத் தெளிவாக வேறுபடுத்திக் காட்டுமாறு தேடற்பொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. எழுத்தைச் சிறிதாக்கி, நிறத்தை மங்கலாக்கி நிறுவனங்கள் அந்த வேலியைத் தாழ்த்திக்கொண்டே வந்தாலும், வேலி என்று ஒன்று இருந்தது.

சாட்போட்டில் வேலி போட இடம் எங்கே என்பதுதான் கேள்வி. அது இயங்கும் விதம் வேறு. கேள்வி வந்ததும் பல வேளைகளில் பின்னால் வழமையான தேடல் ஒன்று நடக்கிறது. அகப்பட்ட சில பக்கங்களின் துண்டுகள் கேள்வியோடு சேர்த்து மொழி மாதிரியிடம், அதாவது ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகிய கணினி நிரலிடம், கொடுக்கப்படுகின்றன. அது அவற்றைப் பார்த்து, அடுத்து வரத்தக்க சொற்துண்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவைக் கணித்து, ஒன்றைத் தேர்ந்து, மறுபடி கணித்து, இப்படியே பதிலைக் கட்டுகிறது. இது செலவான வேலை. வழமையான தேடலைவிட இதற்குப் பத்து மடங்கு செலவாகலாம் என்று அல்ஃபபெட்டின் தலைவர் ஜோன் ஹெனசி 2023 பெப்ரவரியில் கூறியிருந்தார். கணிப்பின் செலவு பின்னர் குறைந்துகொண்டு வந்தாலும், அந்தக் காசை யாரோ கட்டத்தான் வேண்டும்.

விளம்பரம் நுழைய மூன்று வாசல்கள் உள்ளன. முதலாவது, பதில் முடிந்த பின்னர் அதன் அருகில் தனியாக நிற்பது. மைக்ரோசொஃப்ட் 2023 இலேயே தன் தேடற்பொறியான பிங்கின் உரையாடலில் விளம்பரங்களைக் காட்டத் தொடங்கியது; பெர்ப்ளெக்சிட்டி என்ற சாட்போட் நிறுவனம் 2024 இன் இறுதியில், நாம் அடுத்துக் கேட்கத்தக்க கேள்வியையே விளம்பரதாரரின் பெயர் குறித்துப் பரிந்துரைத்துப் பார்த்தது. பெர்ப்ளெக்சிட்டியின் இந்த உத்தி என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது, ஏனென்றால் விற்கப்படுவது பதில் அன்று, நம்முடைய வாயில் வரவேண்டிய கேள்வி.

அடுத்த வாசல், மொழி மாதிரிக்குக் கொடுக்கப்படும் பக்கங்கள். எந்தப் பக்கம் எடுபடுகிறதோ அதன் குரல்தான் பதிலில் கேட்கும். ஆகவே தங்கள் பக்கம் எடுபடும்படி எழுதுவது தனித்தொழிலாகி வருகிறது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில், இந்தப் பொருளையே பரிந்துரை என்று இயந்திரத்துக்கு எழுதி வைக்கும் தந்திரமும் உண்டு. இங்கே காசு சாட்போட் நடத்துபவருக்குப் போவதில்லை, ஆனாலும் பதில் சாய்கிறது.

கடைசி வாசல் சொற்தேர்விலேயே இருக்கிறது. கூகிள் ஆய்வாளர்கள் உட்பட்ட ஒரு குழு 2023 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, விளம்பரதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி மாதிரி இருப்பதாகவும், அடுத்த சொற்துண்டு எதுவென்பதில் அவரவர் கேட்ட விலைக்கு ஏற்ப அவரவர் விருப்பம் கலக்கப்படுவதாகவும் வைத்து, அத்தகைய ஏலத்தை எப்படி நேர்மையாக நடத்தலாம் என்று கணிதத்தில் ஆராய்ந்தது. அது கோட்பாடு. ஆனால் அப்படி ஒன்று நடந்தால், பதிலில் எந்தச் சொல் விளம்பரம் என்று விரல் வைத்துக் காட்டவே முடியாது. பாலில் கலந்த தண்ணீரைப் போல அது எல்லாச் சொல்லிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

மீண்டும் வயலுக்கு வருவோம். அறக்கொட்டியானுக்குப் போதனாசிரியர் சொல்பவை பெரும்பாலும் இவைதான்: வயலின் தண்ணீரைச் சில நாள் வடியவிடுங்கள், யூரியாவை அளவுக்கு மேல் போடாதீர்கள், கண்ட மருந்தையும் அடித்துச் சிலந்திகளைக் கொன்றுவிடாதீர்கள், ஏனென்றால் இந்தப் பூச்சியைத் தின்பவை அவைதான், அவை செத்தால் அறக்கொட்டியான் முன்னரிலும் பெருகும். இந்த யோசனைகளில் எதற்கும் விலையில்லை. விலையில்லாததால் ஏலத்தில் இவற்றுக்காகக் கை தூக்கவும் எவரும் இல்லை. சிலந்திக்கு விளம்பர முகவர் கிடையாது. மருந்துப் பெயரைச் சொல்லும் பதில் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. பூச்சி மிகுந்துவிட்டால் மருந்தும் தேவைதான். முதலில் வரவேண்டியது நான்காவதாக வந்தாலே போதும், போகம் போய்விடும்.

தமிழில் கேட்பவருக்கு இது இன்னும் நெருக்கடி. ஆங்கிலத்தில் ஒரு பயிர்நோயைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் இருந்தால் ஒன்றின் சாய்வை இன்னொன்று திருத்தும். தமிழில், அதுவும் எங்கள் மண்ணுக்கும் எங்கள் கடைகளில் கிடைக்கும் மருந்துக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டவை மிகச் சில. அவற்றுள் ஒன்றிரண்டை விற்பனையாளர் எழுதியிருந்தால் சாய்வைத் திருத்த ஆளில்லை. அண்மையில் ஒரு சாட்போட்டிடம் நான் இதே கேள்வியைத் தமிழில் கேட்டபோது மருந்துகளின் பட்டியல் வந்தது. காசு செலவழிக்காமல் செய்யக்கூடியவற்றை மட்டும் சொல் என்று மறுபடி கேட்டேன். தண்ணீர், யூரியா, சிலந்தி மூன்றும் ஒழுங்காக வந்தன. அதன் கீழே, நான் அடுத்துக் கேட்கலாம் என்று அது எடுத்துத் தந்த கேள்வி: "அறக்கொட்டியானுக்குச் சிறந்த மருந்து எது?"