என்கோடிங் ஸ்டைல்: குறியேற்றப் பாணி

டேக்குகளால் தரவை எழுதும் எக்ஸ்எம்எல் செய்திகள் வழியாக நிரல்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறை சோப். அந்த வகை வலைச் சேவைகளில் வேலை பார்ப்பவர்களின் காதில் அடிக்கடி விழும் தொடர் என்கோடிங் ஸ்டைல். நிரலுக்குள் இருக்கும் எண்ணையோ பட்டியலையோ பொருளையோ எக்ஸ்எம்எல் செய்தியாக எந்த விதிப்படி எழுதுவது என்பதுதான் இதன் பொருள். அனுப்புவது ஜாவா, வாங்குவது பிஎச்பி என்று இருக்கலாம். விதி ஒன்றாக இல்லாவிட்டால் செய்தி போய்ச் சேரும், பொருள் போய்ச் சேராது.

'கோட்' என்பதன் மூலம் இலத்தீனின் கோடெக்ஸ். அதன் பழைய வடிவம் காடெக்ஸ், அதாவது அடிமரம். மரத்தில் செய்து மெழுகு பூசிய எழுதுபலகைக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு புத்தகம், சட்டத்தொகுப்பு என்று பொருள் நகர்ந்து குறிமுறையில் நின்றது. 'ஸ்டைல்' வந்தது ஸ்டிலுஸ் என்ற சொல்லிலிருந்து. அது மெழுகில் கீறும் கூர்கோல். ஆக, ரோமானியர்களின் ஏடும் எழுத்தாணியும் சேர்ந்ததுதான் இந்தத் தொடர்.

தமிழில் என்கோடிங்குக்குக் குறியாக்கம், குறியேற்றம், குறிமுறையாக்கம் என மூன்றும் புழங்குகின்றன. குறியாக்கம் என்பதையே, பிறர் படிக்க முடியாதபடி மறைத்து எழுதும் என்கிரிப்ஷனுக்கும் பலர் எழுதுகிறார்கள். சோப் செய்தியில் இரண்டும் ஒருசேர வரக்கூடும் என்பதால் அது இங்கே ஆகாது. என்கோடிங்குக்குக் குறியேற்றம், என்கிரிப்ஷனுக்கு மறையாக்கம் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. ஸ்டைலுக்குப் பாணி போதும்.

தொடர் ஒன்றுதான், ஆனால் அதற்குள் இரண்டு தேர்வுகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு சேவையில் என்னென்ன செயல்கள் உண்டு, அவற்றை எப்படி அழைப்பது என்று எழுதும் சேவை வரையறை மொழி டபிள்யூஎஸ்டிஎல். 2001-இல் வந்த அதன் 1.1 பதிப்பில் இவை தனித்தனிப் பண்புகள். 'ஸ்டைல்' என்பது செய்தி உடலின் கட்டமைப்பு: ஆர்பிசி என்றால் தொலையழைப்பு, டாக்குமென்ட் என்றால் ஆவணம். எதுவும் எழுதாமல் விட்டால் ஆவணம் என்றே கொள்ளப்படும். 'யூஸ்' என்பது மதிப்புகளை எழுதும் விதி: என்கோடட் அல்லது லிட்டரல். உண்மையில் குறியேற்றத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது பண்புதான்; பெயர் குழப்புகிறது. யூடிஎஃப்-8 போன்ற எழுத்துக் குறியேற்றம் இவை இரண்டுக்கும் சம்பந்தமில்லாத வேறொன்று.

குறியேற்றிய தொலையழைப்பு, அதாவது ஆர்பிசி-என்கோடட், இப்படி இருக்கும்:

<கூட்டு>
<அ வகை="முழுஎண்">12</அ>
<ஆ வகை="முழுஎண்">30</ஆ>
</கூட்டு>

நிஜச் செய்தியில் 'வகை' நிற்கும் இடத்தில், மதிப்பின் வகையைச் சொல்லும் எக்ஸ்எஸ்ஐ:டைப் என்ற பண்பு வரும். (டேக் பெயரைத் தமிழில் வைக்க எக்ஸ்எம்எல் அனுமதிக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை.) ஒவ்வொரு மதிப்பும் தன் வகையைத் தானே சுமந்து போவதற்குக் காரணம் உண்டு. சோப் 1.1 வெளிவந்தது 2000 மே மாதம். எந்த டேக்கில் எந்த வகை மதிப்பு வரலாம் என்று வரையறுக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமா பரிந்துரையானதோ 2001 மே மாதம். சார்ந்து நிற்க முடிந்த ஸ்கீமா இல்லாததால், சோப் தன் 5-ஆம் பிரிவில் சொந்தமாக ஒரு விதித்தொகுப்பை எழுதிக்கொண்டது. ஒரே பொருளை இரண்டு இடங்களில் சுட்ட வேண்டுமானால் ஓரிடத்தில் ஓர் அடையாளம் தந்து, மற்ற இடங்களில் அதற்குச் சுட்டி மட்டும் வைக்கலாம். வசதிதான். ஆனால் செய்தியை ஸ்கீமாவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாமல் போனது. ஒவ்வொரு கருவியும் விதியை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டது. வலைச் சேவைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக விதி வகுத்த டபிள்யூஎஸ்-ஐ அமைப்பு 2004-இல் தன் அடிப்படைச் சுயவிவரம் 1.0-இல் என்கோடட்டை விலக்கியது. ஜாவாவில் வலைச் சேவை எழுத உதவும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸும் அப்பாச்சி சிஎக்ஸ்எஃபும் இதை ஏற்பதில்லை.

'லிட்டரல்' என்பதற்கு வேர் எழுத்து என்று பொருள்படும் லிட்டெரா. அதை வைத்து 'எழுத்துப்படி' என்று பெயர்த்தால் விஷயம் விளங்காது. ஸ்கீமா எப்படி வரையறுத்ததோ அப்படியே எழுது என்பதுதான் இங்கே அதன் பொருள், எனவே வரையறைப்படி. மேலே உள்ள செய்தியில் 'வகை'யை நீக்கிவிட்டால் அது வரையறைப்படியான தொலையழைப்பு. இதிலும் ஒரு குறை உண்டு: வெளி டேக்கான 'கூட்டு' ஸ்கீமாவில் இருக்காது, சேவை வரையறையிலிருந்து வருவது. அதனால் உடலை முழுதாகச் சரிபார்க்க முடியாது.

வரையறைப்படியான ஆவணத்தில் (டாக்குமென்ட்-லிட்டரல்) உடல் முழுவதையும் சரிபார்க்கலாம். ஆனால் செயலின் பெயர் செய்தியில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு செயல்கள் ஒரே எலிமென்டை (டேக்கும் அதன் உள்ளடக்கமும்) வாங்கினால், எதை அழைத்தார்கள் என்று சர்வருக்குத் தெரியாது. செய்திக்கு வெளியே எச்டிடிபி தலைப்பாக வரும் சோப்ஆக்ஷனை நம்ப வேண்டிவரும். இதைத் தீர்க்க வந்ததுதான் ராப்டு, தமிழில் உறையிட்ட பாணி. இது எந்தத் தரநிலையும் வகுத்ததல்ல, பழக்கத்தில் நிலைத்தது. உள்வரும் செய்திக்கு ஒரே ஒரு பகுதி. அது சுட்டும் எலிமென்டின் பெயரும் செயலின் பெயரும் ஒன்றே. அதன் வகை, தனக்கென்று பண்புகள் எதுவும் இல்லாத, எலிமென்ட்களின் வரிசையாக இருக்க வேண்டும். மறுமொழியில் செயலின் பெயரோடு 'ரெஸ்பான்ஸ்' சேரும். ஒரே பெயரில் இரண்டு செயல்கள் வைக்க முடியாது, அவ்வளவுதான் இழப்பு.

புதிதாகத் தொடங்கினால் இதையே எடுங்கள். ஒன்றையொன்று சுட்டும் பொருள்கள் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். தாய் மகவைச் சுட்டி, மகவு தாயைச் சுட்டினால் வரையறைப்படி எழுதும்போது முடிவே இல்லாத எக்ஸ்எம்எல் வரும். ஜாவாப் பொருள்களை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் ஜாக்ஸ்பி, சுழற்சி இருப்பதாகச் சொல்லிப் பிழை காட்டும். ஒரு பக்கச் சுட்டியை எண்ணாக மாற்றி அனுப்புவது ஒரு வழி.

பாணியை மாற்றும்போது அதிகம் நடக்கும் பிழை பிழையாகவே தெரியாது. அழைப்பு போகும், சர்வரும் பதில் தரும், ஆனால் 12-உம் 30-உம் கொடுத்த இடத்தில் கூட்டுத்தொகை 0. வரையறைப்படியான தொலையழைப்பில் 'அ', 'ஆ' இரண்டுக்கும் பெயர்வெளி (ஒரே பெயருள்ள டேக்குகளைப் பிரித்துக்காட்டும் முன்னடையாளம்) கிடையாது. உறையிட்ட பாணியில் ஸ்கீமாவின் எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட் என்ற பண்பு 'குவாலிஃபைடு' (பெயர்வெளியோடு) என்று இருந்தால் அவற்றுக்கும் பெயர்வெளி வேண்டும். கையால் கோத்த பழைய செய்தியை அப்படியே அனுப்பினால், சர்வர் தேடும் 'அ' வேறு, வந்திருக்கும் 'அ' வேறு. கிடைக்காததைப் பல கருவிகள் சத்தமில்லாமல் வெற்றாக விட்டுவிடும். முதலில் அந்த ஒரு பண்பைப் பாருங்கள், பிறகு வெளி டேக்கில் உள் டேக்குகளுக்கும் தானாகப் பொருந்தும் இயல்புப் பெயர்வெளி அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள்.